தடாகத்தை விட்டுக் கடலுக்கு: எமது ட்ரையத்லன் கழக உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடைய கழக உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தைப்பொங்கல் முடிந்த கையோடு, ஞாயிறு நீச்சல் பயிற்சியைத் தடாகத்திலிருந்து கல்கிசைக் கடற்கரைக்கு மாற்றுவதாக நான் அனுப்பிய அறிவித்தலுக்கு வந்த பதில்களில் பாதிக்கு மேல் மறுப்புகளாகவே இருந்தன. தூரம், மணல், உப்பு, இருட்டில் எழுந்து புறப்படும் தொல்லை, பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பு என்று காரணங்கள் பல. அவற்றில் எதையும் நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆயினும் முடிவை மாற்றப்போவதில்லை. அது ஏன் என்பதை ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் விளக்குவதைவிட, எல்லோருக்குமாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்வதுதான் ட்ரையத்லன். சென்ற ஆண்டின் கடைசிப் போட்டியில் எம்மில் பதினொருவர் தொடங்கினோம். ஒன்பது பேர் முடித்தோம். இடையில் விலகிய இருவரும் சைக்கிளிலோ ஓட்டத்திலோ விலகவில்லை. நீச்சலின் முதல் 300 மீற்றருக்குள்ளேயே கையை உயர்த்திவிட்டார்கள். இருவரும் தடாகத்தில் என்னைவிட வேகமானவர்கள். அவர்களிடம் உடற்பலத்திற்கு ஒரு குறையும் இல்லை. கடல்தான் அவர்களுக்குப் பழக்கமில்லை.

அந்த நிலை எனக்கு நன்றாகத் தெரியும். எங்களில் பலரைப் போல நானும் இந்த விளையாட்டின் பக்கம் திரும்பியது, 2018இல் அயர்ன்மேன் 70.3 என்ற நெடுந்தூர ட்ரையத்லன் போட்டி முதன்முறையாகக் கொழும்புக்கு வந்ததைப் பார்த்த பிறகுதான். எனது முதற் கடற்போட்டியில், முன்னால் நீந்தியவரின் குதிகால் என் நீச்சல் கண்ணாடியைத் தட்டியது. அதைச் சரிசெய்ய நின்ற கணத்தில் ஓர் அலை வாய்க்குள் புகுந்தது. தொண்டை எரிந்தது, மூச்சு உள்ளே போவதாகவும் இல்லை, வெளியே வருவதாகவும் இல்லை. எப்படியோ காவற்படகு ஒன்றின் விளிம்பைப் பற்றிக்கொண்டேன். அதிலிருந்த இளைஞர், "கலபல வெண்ட எபா அங்கிள்" என்றார். பதற்றப்பட வேண்டாம் என்று அவர் சிங்களத்தில் சொன்ன அந்த மூன்று நான்கு சொற்கள், நான் அதுவரை பெற்ற எல்லாப் பயிற்சியையும்விடப் பயன்பட்டன. ஏறத்தாழ இரண்டு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு மீண்டும் நீந்தினேன். படகையோ மிதவையையோ பிடித்து இளைப்பாறுவது விதிமீறல் அல்ல, அதைப் பயன்படுத்தி முன்னேறுவதுதான் தவறு என்பதை விலகிய இருவரில் ஒருவர் போட்டி முடிந்த பின்னரே அறிந்தார். அதை முன்கூட்டியே சொல்லித்தராதது என் பிழை.

தடாகம் எம்மை ஏமாற்றுகிறது என்று நான் சொல்வதற்கு ஒரு சிறு கணக்கு இருக்கிறது. 25 மீற்றர் தடாகத்தில் 1,500 மீற்றர் நீந்துபவர் 59 முறை சுவரை உதைத்துத் திரும்புகிறார். ஒவ்வோர் உதைக்கும் ஐந்து மீற்றர் சறுக்கினாலே கிட்டத்தட்ட 300 மீற்றர் சுவர் தந்த இலவசமாகிவிடுகிறது. போதாததற்கு ஒவ்வொரு திருப்பத்திலும் கைகளுக்கு ஓய்வும் கிடைக்கிறது. கடலில் சுவர் இல்லை, அடியில் கறுப்புக் கோடு இல்லை, எட்டிப் பிடிக்கக் கயிறும் இல்லை. 1978இல் ஹவாயில் பதினைந்து பேர் தொடங்கிப் பன்னிருவர் முடித்த முதலாவது அயர்ன்மேன் போட்டியின் நீச்சற் பகுதி, வைக்கீக்கியில் ஏற்கெனவே நடந்துவந்த கொந்தளிப்புக் கடல் நீச்சலிலிருந்து எடுக்கப்பட்டது. இந்த விளையாட்டில் நீச்சல் என்றால் தொடக்கத்திலிருந்தே திறந்த நீர்தான். 2024இல் பரிஸ் ஒலிம்பிக்கில் சேன் நதியின் நீரோட்டத்தை எதிர்த்து உலகின் தலைசிறந்த வீரர்களே கரையை ஒட்டி ஒட்டி நீந்தியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இனிச் சொல்லப்போவது, நாற்பதைக் கடந்த ஆண்கள் மிகுந்த எமது கழகத்திற்குக் குறிப்பாகப் பொருந்தும். அமெரிக்க ட்ரையத்லன் போட்டிகளில் 1985 முதல் 2016 வரை நிகழ்ந்த மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வில், 135 சம்பவங்களில் 90 நீச்சலின்போது நிகழ்ந்திருந்தன. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் நடுவயது ஆண்கள். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் இதயப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருபவர்கள் கடலுக்கு வருமுன் ஒருமுறை வைத்தியரைப் பார்த்துவிட்டு வாருங்கள். நெஞ்சில் இறுக்கமோ வழமையற்ற மூச்சிரைப்போ தோன்றினால் உடனே மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள். இன்னும் ஐம்பது மீற்றர்தானே என்று எண்ணவேண்டாம்.

கடலில் என்ன செய்யப்போகிறோம்? முதல் இரண்டு ஞாயிறுகளும் தூரம் எதுவும் நீந்தமாட்டோம். இடுப்பளவு நீரில் நின்று முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை முழுவதுமாக வெளியே விடுவதும், அலை வரும்போது அதன் கீழ் புகுந்து எழுவதும், மல்லாந்து மிதப்பதுமே பாடம். பதற்றத்தில் மூச்சை அடக்கிக்கொள்வதுதான் மூச்சுத்திணறலைக் கூட்டுகிறது. மூன்றாவது வாரம் முதல் கரைக்கு இணையாக, நெஞ்சளவுக்கு மேற்படாத ஆழத்தில் நீந்துவோம். ஆறு அல்லது எட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை, முதலை போலக் கண் மட்டும் நீருக்கு மேல் வரும்படி தலையை உயர்த்தித் திசையைப் பார்க்கப் பழகவேண்டும். பார்க்கவேண்டியது மிதவையை அல்ல, அது அலைக்குப் பின்னால் மறைந்துவிடும். முனையில் வெள்ளையாய் நிற்கும் பழைய ஹோட்டலைப் பாருங்கள். 1806இல் ஆளுநர் மெயிட்லண்ட் தமது வாசத்திற்காகக் கட்டத் தொடங்கிய அந்த மாளிகை இன்று எமக்கு நல்லதொரு திசைகாட்டி. தெற்கு நோக்கி நீந்துகையில் கரையும் காலை வெயிலும் இடப்பக்கம் இருக்கும். தென்னைகளுக்கு மேல் சூரியன் ஏறிய பின் அந்தப் பக்கம் மூச்சு வாங்கினால் கண் கூசி ஒன்றும் தெரியாது. ஆகவே இருபுறமும் மூச்சு வாங்கத் தெரிந்திருக்கவேண்டும். வலப்புறம் மட்டுமே பழகியவர்கள் திரும்பி வரும்போது படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச் செல்லும் இழுநீரில் அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாக விலகி நீந்தி, இழுப்பு தளர்ந்த பின் கரைக்குத் திரும்புங்கள். சிவப்புக் கொடி பறக்கும் நாளில் பயிற்சி இல்லை. குளிர்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து குளிரைத் தாங்க அணியும் ஈர உடை (wetsuit) வாங்க விலை விசாரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எமது கடலின் வெப்பத்தில் போட்டி விதிகளே அதை அனுமதிப்பதில்லை. அந்தப் பணத்தில் நிறம் துலங்கும் தொப்பியும், இடுப்பில் கட்டும் இழுமிதவையும் வாங்குங்கள்.

சைக்கிள், ஓட்டம் இரண்டிலும் பெரிய மாற்றமில்லை. சனிக்கிழமை விடியற்காலைச் சவாரி வழக்கம்போல் நாடாளுமன்ற வீதியில். பின்விளக்கு இல்லாதவரைத் திருப்பி அனுப்புவேன். மரைன் டிரைவ் ஓட்டத்தை விடிகாலையிலேயே முடித்துவிடும் பழக்கத்தை மட்டும் வாரத்தில் ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். போட்டியில் நாம் ஓடுவது ஏறுவெயிலில். உடல் வெப்பத்திற்குப் பழக இரண்டு வாரமளவில் ஆகும். செவ்விளநீர் போதுமென்று நம்புபவர்கள் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதைக் கவனிக்கவும். வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம்தான். ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது ஜீவனி என்ற உப்புக்கரைசல் தூளைக் கரைத்து எடுத்துவாருங்கள். வெறும் தண்ணீரை லீற்றர் கணக்கில் குடிப்பதும் ஆபத்தே.

வைகாசிக்குள் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் இந்தக் கரையில் நீந்துவதை மறந்துவிடவேண்டியதுதான். சித்திரைப் புத்தாண்டு வரை எமக்குக் கிடைப்பது ஏறத்தாழப் பன்னிரண்டு ஞாயிறுகள். காலையில் கடற்காற்று எழும் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அதற்காகவே இந்த நேரம்.

காலை 6 மணிக்கு, பொலிஸ் உயிர்காப்பாளர்கள் கடமையில் இருக்கும் பகுதிக்கு எதிரே, தண்டவாளத்தைக் கடந்ததும் இடப்பக்கம் கூடுவோம். வெளிச்சம் வந்த பிறகே நீரில் இறங்குவோம். மீனவர் ஒருவர் தமது தோணியுடன் எம்மோடு வர இணங்கியிருக்கிறார். அவருக்குரிய கூலி கழக நிதியிலிருந்து கொடுக்கப்படும். நீந்த விரும்பாதவர்களும் வரலாம்: கரையில் நின்று தலைகளை எண்ண இருவர் எப்போதும் தேவை. சென்ற முறை விலகிய இருவரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். நான் எல்லோருக்கும் கடைசியில் நீந்திவருவேன்.

அன்புடன்,
பயிற்சி ஒருங்கிணைப்பாளர்
வெள்ளவத்தை, கொழும்பு 6