மகள், அந்தச் சிலம்பைச் சிவப்பாக்கு

அன்பு மகள்,

நீ கீறி வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனில் சின்னதாகத் தெரிகிறது என்று காலி வீதிக் கடையொன்றில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, குசினி யன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். முகம் என்னுடையதேதான், இடது புருவத்துத் தழும்பைக்கூட நீ விடவில்லை. ஆனால் கையில் ஒற்றைச் சிலம்பும் முதுகுக்குப் பின்னால் நெருப்புமாக என்னைக் கண்ணகியாக்கிவிட்டாய்.

ஏன் என்று எனக்குத் தெரியும். கந்தோரில் அப்பாமேல் களவுப் பழி போட்டபோது ரசீதுக் கட்டோடு நான் போய்ப் பெரியவர் மேசைக்கு முன்னால் நின்றேனே, அதை நீ மறக்கவில்லை.

சரி, முதலில் சிலம்பு. உடைந்து வெள்ளையாகச் சிதறுவது முத்துத்தானே? அது பிழை மகள். முத்துப் பரல் பாண்டிமாதேவியின் சிலம்பில். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். வழக்கு முழுக்க அந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது. தங்கள் சிலம்பில் முத்து என்று அரசன் தன் வாயாலேயே சொன்ன பிறகுதான் இவள் உடைக்கிறாள், மணி தெறித்து அவன் வாயருகே போகிறது. முத்தைக் கீறினால் என் கையில் இருப்பது அரசியின் சிலம்பு, அதாவது அப்பா களவெடுத்தார் என்றே அந்தப் படம் சொல்லும். தயவுசெய்து சிவப்பாக்கு.

மூலையில் இருக்கும் மாம்பழத்தை நம் பழைய வீட்டு மரத்து நினைவு என்றே நினைத்திருந்தேன். மேல்வீட்டுச் சிங்கள அக்கா பார்த்த உடனே கும்பிட்டுவிட்டார். கண்ணகியைத்தான் அவர்கள் பத்தினி தெய்வம் என்று கும்பிடுகிறார்கள், அவர்கள் கதையில் பத்தினி மாங்கனியில் பிறந்தவளாம். நவகமுவவில் இருக்கும் பத்தினி கோயிலுக்கு வருடாவருடம் போகிறவர், அவருக்குத் தெரியாததா! நீ தெரிந்தே வைத்தாயா? இரண்டு பேருடைய அம்மனும் ஒரே படத்தில் நிற்பது எனக்கு நல்ல சந்தோசம்.

நெருப்புத்தான் மனதை உறுத்துகிறது. மட்டக்களப்பில் வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை படித்து, கடைசி நாள் குளிர்த்தி பாடுவார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் கொதிப்பை ஆற்றத்தான் அவ்வளவு பாட்டும் தண்ணீரும். அம்மம்மா அந்தத் தீர்த்தத்தில் கொஞ்சம் என் உச்சியில் தேய்த்துவிடுவார். நான் அறிந்த கண்ணகி அவள், குளிர்ந்தவள்.

நெருப்பை அழிக்க வேண்டாம், அன்றைக்கு நான் எரிந்தது உண்மைதான். காலடியில் ஒரு வாளி தண்ணீர் மட்டும் கீறிவிடு. கந்தோரிலிருந்து வந்து, உடுத்த சேலையோடேயே பைப்படியில் இருந்து வாளி வாளியாகத் தலைக்கு ஊற்றினேன். அப்பா துவாயைப் பிடித்தபடி ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றார்.

அன்புடன்
அம்மா
வெள்ளவத்தை