ஆள் சேர்ப்பதோடு வேலை முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உணவு வழங்கும் அமைப்புகளில் தன்னார்வலர்கள் நிலைப்பதில்லை என்ற குறை அடிக்கடி கேட்கிறது. பெரும்பாலும் ஆர்வக்குறைவு காரணமல்ல. வந்தவருக்கு என்ன வேலை என்று சொல்ல ஆளில்லை. பொட்டலம் கட்டும் மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் நெருக்கியடித்து நிற்பார்கள். பாத்திரம் கழுவ ஒருவரும் இருக்கமாட்டார். ஒவ்வொரு முறைப்பணிக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். புதியவரை முதல் நாள் முழுக்கப் பழகிய ஒருவருடன் சேர்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், உணவுப் பாதுகாப்புப் பயிற்சி. சமைத்ததை அண்டாவிலேயே ஆறவிட்டால் மேலே ஆறியிருக்கும். நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கிருமி பெருகுவது அங்கேதான். அகலத் தட்டுகளில் 5 செ.மீ. உயரத்துக்குள் பரப்பி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். சூடாகப் பரிமாறுவது 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கக் கூடாது. வெப்பமானியை நடுவில் செருகிப் பார்த்து, நேரத்தோடு குறித்துவைப்பது ஒருவரின் தனிப்பொறுப்பாகட்டும். எல்லோருக்கும் பொது என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் ஆகும்வரை உணவைத் தொடக்கூடாது என்பதைச் சேரும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கடமையுணர்வோடு உடம்பு முடியாமலும் வந்து நிற்பார்கள். அதற்காகவே மாற்று ஆட்களின் பட்டியல் கையில் இருக்க வேண்டும்; முந்தைய நாளே நினைவூட்டலும் போக வேண்டும். விலகுகிறவரிடம் காரணம் கேட்டு எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
உணவு வழங்கும் பணியில் உள்ள தன்னார்வலர்கள்