ஊருக்கே ஒரே நாளில் மருந்து கொடுங்கள்

பசிபிக் தீவு நாடுகளின் சுகாதார அமைச்சர்களுக்கு,

வணக்கம்.

சிரங்கு என்றதும் குளிக்காதவர்களுக்கு வருவது என்று முகம் சுளிப்பவர்கள் உங்கள் துறையிலும் இருப்பார்கள். சிரங்கு, சிற்றுண்ணி என்ற மிகச் சிறிய உயிரியால் வருவது. பெண் சிற்றுண்ணி மேல்தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. அங்கே சோப்புக்கு என்ன வேலை? நான்கு பிள்ளைகள் ஒரே பாயில் படுத்தால் போதும், பரவிவிடும்.

பிள்ளையின் விரல் இடுக்கைப் பாருங்கள். நூலிழை போல் வளைந்த ஒரு கோடு இருக்கும். அரிப்பு இரவில்தான் அதிகம். தூக்கத்தில் பிராண்டிய இடத்தில் பாக்டீரியா புகுந்து, புண்ணில் தேன் நிறத்தில் பொருக்குத் தட்டுகிறது. அந்தப் பாக்டீரியா ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையாக இருந்தால், சில வாரம் கழித்து முகம் வீங்கி, சிறுநீர் கறுஞ்சிவப்பாகப் போவதும் உண்டு. சிறுநீரகம் வரை எட்டிய சிரங்கை இனியும் சில்லறை நோய் என்பதா?

2007இல் ஃபிஜி முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் 23.6 சதவீதம் பேருக்குச் சிரங்கு இருந்தது. இவர்களை ஒவ்வொருவராக மருத்துவமனைக்கு வரச்சொல்லி ஒரு களிம்பு கொடுத்தனுப்புவது வீண் வேலை. முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு தெரியவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பிள்ளைக்குக் களிம்பு பூசும் பாட்டிக்கும் அதற்குள் தொற்றியிருக்கும், அவருக்கே தெரியாது. மாதம் திரும்பினால் அதே பிள்ளை, அதே அரிப்பு.

ஃபிஜித் தீவுகளில் 2012இல் ஊர் முழுவதற்கும் சிற்றுண்ணியைக் கொல்லும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். (கொரோனாக் காலத்தில் வேண்டாத இடத்தில் நுழைந்து பேர் கெட்டதே, அதே மருந்துதான். இதுதான் அதற்குரிய இடம்.) ஓராண்டில் அந்த ஊர்களில் சிரங்கு 32.1 சதவீதத்திலிருந்து 1.9 ஆயிற்று. சிரங்கு உள்ளவர்களுக்கும் அவர்களோடு நெருங்கியிருந்தவர்களுக்கும் மட்டும் களிம்பு கொடுத்த ஊர்களில் பாதிதான் குறைந்தது. சாலமன் தீவுகளின் சுவாசல் மாகாணத்தில் 26,000க்கும் அதிகமானோருக்கு ஐவர்மெக்டினோடு, பாக்டீரியாவைக் கொல்லும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுத்ததில் சீழ்ப்புண்ணும் வெகுவாகக் குறைந்தது.

ஆகவே என் கோரிக்கை மருந்தைப் பற்றியதல்ல, அதைத் தீவுகளுக்குக் கொண்டுபோகும் படகைப் பற்றியது. ஐவர்மெக்டின் முட்டையைக் கொல்லாது. ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் இரண்டாம் வேளை போய்ச் சேர வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் மாத்திரைக்குப் பதில் களிம்பு வேண்டும். முதல் பயணத்துக்குப் பணம் ஒதுக்கும் அதே கோப்பில், அதே கையெழுத்தில், இரண்டாம் பயணத்தின் எரிபொருளுக்கும் ஒதுக்கிவிடுங்கள். இரண்டு படகுக்கும் பணம் கைக்கு வராமல் முதல் படகைக் கிளப்பாதீர்கள்.