அரங்கம் பிடித்தவர்களுக்கு: ஒலி, ஒளி பற்றிச் சில விவரங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்கழிக் கச்சேரிக்கும் அரங்கேற்றத்துக்கும் சென்னை சபாக்களில் தேதி வாங்கிய கையோடு எங்களைக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஸ்பீக்கர் வரும்?" என்றுதான். அதைவிட முக்கியமானது, அரங்கம் எத்தனை மணிக்கு உங்கள் கைக்கு வருகிறது என்பது. மாலை ஆறு மணி நிகழ்ச்சி என்றால் மூன்று மணிக்காவது கதவு திறக்க வேண்டும். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, ஸ்பீக்கரில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஏணி போட்டு விளக்குகளைத் திருப்பும் வேலை முடிந்தால்தான் மேடையில் மைக் வைக்க முடியும். வழக்கமான கச்சேரிக்குப் பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் இரு பக்கத்துக்கும் இரண்டு, கடத்துக்கு ஒன்று, தம்புராவுக்கு ஒன்று என்று ஆறு மைக் வரும். திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால், மைக் கூவாமல் (கீச்சென்று அலறாமல்) வைக்கக்கூடிய ஒலி அளவு 3 டெசிபல் குறைந்துவிடும். மைக் கூவுவது, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரின் கோளாறு அல்ல. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தை மைக் மறுபடி வாங்கிக்கொள்வதுதான் காரணம். பாடகர் அரையடியிலிருந்து ஓரடிக்கு நகர்ந்தால் குரல் 6 டெசிபல் இறங்கும். அதை ஈடுகட்ட நாங்கள் ஏற்றுவோம், உடனே கூவும். கலைஞர்களை நோக்கி மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்தான் மானிட்டர். "மானிட்டர்ல எனக்கு இன்னும் கொஞ்சம் வைங்க" என்று ஒருவர் கேட்டால் முதலில் மற்றவற்றைக் குறைத்துப் பார்ப்பது இதனால்தான். கலைஞர்கள் ஒத்துழைத்தால் மேடை அமைதியாகும், பாட்டும் தெளிவாகும்.

ஒலிச்சோதனை நடக்கும்போதே ஏசி ஓடட்டும். நிகழ்ச்சி தொடங்கும்போதுதான் போடுவோம் என்று அரங்கத்தில் சொன்னால் விடாதீர்கள். ஏசியின் உலர்ந்த காற்றில் மிருதங்கத் தோல் இறுகிச் சுருதி ஏறும். விளக்குச் சூட்டில் வயலின் கம்பி தளர்ந்து இறங்கும். வெக்கையில் சேர்த்த சுருதி இரண்டாவது உருப்படிக்குள் கலைந்துபோய், கல்லும் கட்டையுமாக மிருதங்கக்காரர் தட்டிக்கொண்டிருக்க நேரிடும். காலி அரங்கில் ஒலி கொஞ்சம் முழங்கினால் பயப்பட வேண்டாம். ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் அடங்கும்.

எல்லா அரங்கமும் ஒரே மாதிரி இல்லை. எழும்பூர் மியூசியம் தியேட்டர், மேடைகளில் மைக்கே இல்லாத 1896-இல் கட்டியது. அங்கே நாடகம் போடுகிறவர்கள் முதலில் மைக் இல்லாமல் ஒரு காட்சியைப் பேசிப் பார்க்கட்டும். நீண்ட மண்டபம் என்றால் கதை வேறு. 17 மீட்டர் கடக்க ஒலிக்கு 50 மில்லிசெகண்ட் ஆகிறது. நடுவில் வைக்கும் ஸ்பீக்கரை அதற்கேற்பத் தாமதப்படுத்தாவிட்டால் பின்வரிசையில் ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்கும்.

அரங்கேற்றத்தில் நட்டுவனாரின் கைத்தாளம் காதைக் குத்தினால், மைக் கைத்தாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். மைக்கை அவர் வாய்க்கு நெருக்கி வைப்போம். சலங்கை கேட்க மேடை விளிம்பில் தட்டை மைக் போடலாம். ஆனால் காலடியின் 'தொம்' சத்தமும் சேர்ந்து வரும் என்பதால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியை வெட்டிவிடுவோம்.

மின்சாரத்தில் விளையாட்டு வேண்டாம். ஆயிரம் வாட் பார் (PAR) எனும் மேடை விளக்கு பத்து போட்டால் 230 வோல்ட்டில் 43 ஆம்பியர் இழுக்கும். சுவரில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது, பேனலிலிருந்துதான் எடுக்க வேண்டும். விளக்குக்கு ஒரு ஃபேஸ், ஒலிக்கு வேறு ஃபேஸ். இரண்டையும் ஒன்றில் மாட்டினால், விளக்கைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரின் இரைச்சல் தம்புராவோடு சேர்ந்து ஒலிக்கும். எல்இடி விளக்கில் சுமையும் சூடும் குறைவு.

பதிவு செய்த இசைக்கு ஆடுவதானால் பாட்டைப் பென் டிரைவில் சுருக்காத WAV கோப்பாகக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப முடியும் என்றால் ஆவணமாக அனுப்புங்கள், தரம் குறையாமல் வரும். புளூடூத்தில் போடமாட்டோம், ஆட்டத்தின் நடுவே அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும்.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு, யார் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள் என்ற படம், உருப்படிப் பட்டியல், அரங்கத்தின் மின் பணியாளர் தொலைபேசி எண் மூன்றையும் அனுப்புங்கள். ஜெனரேட்டர் ஏசியையும் மேடை விளக்கையும் சேர்த்து இழுக்குமா என்பதை அவரிடமே நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒலி ஒளி அமைப்பாளர்கள், மயிலாப்பூர்