மாம்பழத்துக்கு மரவள்ளி மாவுப் பூச்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் மண்டிகளில் அழுகிக் கழிக்கப்படும் மாம்பழங்கள் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த செய்தி, குளிர்பதனக் கிடங்கு வேண்டும் என்ற கோரிக்கையுடன் முடிந்திருந்தது. கிடங்கு தேவைதான். ஆனால் முற்றிய மாங்காயை 12, 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே நெடுநாள் வைத்தால் தோல் கறுத்து, வெளியே எடுத்தபின் சீராகப் பழுக்காது; சிறு தோப்புக்காரர்களுக்கு அந்தச் செலவும் கட்டுப்படியாகாது. பழத்தோடு சேர்த்து உண்ணத்தக்க மேற்பூச்சு என்னும் எளிய வழியையும், அதற்கான மூலப்பொருள் நம் மாவட்டத்திலேயே மலிந்து கிடப்பதையும் சுட்டிக்காட்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மரத்திலிருந்து பறித்த பிறகும் மாங்காய் சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜனை உள்ளிழுத்து, கரியமில வாயுவையும் நீராவியையும் வெளிவிட்டு, தானே சுரக்கும் எத்திலீன் வாயுவால் பழுத்து, பின் தளர்ந்து அழுகுகிறது. தோலின்மேல் மெல்லிய படலம் ஒன்று படிந்தால் இந்தச் சுவாசம் மட்டுப்படும். பழுப்பதும் சில நாள்கள் தள்ளிப்போகும். மரவள்ளிக் கிழங்கு மாவை நீர்க்கக் காய்ச்சி, படலம் வெடிக்காதிருக்கச் சிறிது கிளிசரால் சேர்த்து, ஆறிய கஞ்சியில் காயை முக்கி உலர்த்துவதே அடிப்படை முறை. மாவுப் படலம் ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும். ஆனால் ஈரத்தைத் தடுக்காது என்பதால், தேன்மெழுகைச் சிறிதளவு கலப்பார்கள். படலம் தடித்துவிட்டாலோ காய் மூச்சுத் திணறி உள்ளுக்குள் புளித்து, சாராய வாடை ஏறிவிடும். தோலின் தன்மை இரகத்துக்கு இரகம் வேறுபடுவதால், மல்கோவாவுக்கு ஒத்துவரும் கலவை சேலம் குண்டுக்கோ இமாம்பசந்துக்கோ அப்படியே ஒத்துவரும் என்று கொள்ள முடியாது. ஆகவேதான் இங்கேயே, நம் இரகங்களில் சோதனை நடக்க வேண்டும் என்கிறேன்.

பூச்சு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கரும்புள்ளி அழுகல் நோயின் பூஞ்சை, தோப்பிலேயே இளங்காயில் புகுந்து பழுக்கும்வரை பதுங்கியிருக்கும். அதனால் ஏறத்தாழ 52 டிகிரி வெந்நீரில் சில நிமிடங்கள் காயை நனைத்தெடுத்து, உலர்த்திய பிறகே பூச வேண்டும். அடிபட்ட காயை எந்தப் பூச்சும் காப்பாற்றாது. சோற்றுக் கற்றாழைச் சாற்றைத் திராட்சையில் பூசி ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட முடிவுகள், அது பூஞ்சையையும் ஓரளவு அடக்குவதைக் காட்டின. கற்றாழை நம் வேலியோரத்திலேயே விளைகிறது. ஏற்காட்டு ஆரஞ்சின் நிலை சற்று வேறு. பறித்தபின் அது மேலும் பழுப்பதில்லை, ஈரம் இழந்து சுருங்குவதே பெரிய இழப்பு என்பதால் அதற்கு மெழுகுப் பூச்சே பொருந்தும்.

ஆப்பிள் தோலைக் கத்தியால் சுரண்டி மெழுகைக் கண்டு அஞ்சிய மக்கள், பூச்சு என்றாலே சந்தேகப்படுவது இயல்பு. தேன்மெழுகு, ஒருவகைப் பனையோலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு, அரக்கு ஆகியவற்றைப் புதிய பழங்களில் பூச, லேபிளில் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கின்றன. அந்த நிபந்தனையைச் சில்லறைக் கடைவரை கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும். இறால் ஓட்டிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான் போன்றவற்றில் இது இன்னும் முக்கியம். சைவ உணவு உண்பவருக்கும் ஒவ்வாமை உள்ளவருக்கும் அதை அறியும் உரிமை உண்டு.

ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையமும் மரவள்ளி மாவு, சவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவு நிறுவனமான சேகோசர்வும் கூடிப் பேசினால், அடுத்த மாம்பழப் பருவத்துக்குள் வரகம்பாடி, அயோத்தியாப்பட்டணம் பகுதித் தோப்புகளில் இந்தச் சோதனையைத் தொடங்கிவிடலாம். கலவையின் அளவுகளையும், பூசிய பழம் தாங்கிய நாள்களையும், கெட்டுப்போனவற்றின் கணக்கையும் சேர்த்தே விவசாயிகளுக்குத் தமிழில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மா விவசாயி ஒருவர்,
சேலம் மாவட்டம்.