தோல் செதிலும் கால் விறைப்பும்

ஆசிரியருக்கு,

பிறந்தது முதல் தோல் தடித்துச் செதில் விடும் பிள்ளையைக் கண்டால், சர்ப்பதோஷம் என்று பரிகாரத்துக்கு நாள் பார்க்கும் வழக்கம் எங்கள் வன்னிக் கிராமங்களில் இன்னும் விட்டுப்போகவில்லை. கழுத்திலும் வயிற்று மடிப்புகளிலும் தோல் கபில நிறமாகத் தடித்து, ஓயாத சொறிச்சலோடு, கால்கள் விறைத்து நுனிவிரலில் நடக்கும் பிள்ளைக்கு, 1957இல் சுவீடனில் விரிவாக விவரிக்கப்பட்ட சோகிரன்–லார்சன் நோய் இருக்கக்கூடும்.

இந்நோயாளரின் தோலிலிருந்து எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில், கொழுப்பு அற்ககோல் கொழுப்பமிலமாக மாறும் வேலை தடைப்பட்டிருப்பது 1988இல் தெரியவந்தது. குறைந்திருப்பது, இம்மாற்றத்தின் இடையில் உண்டாகும் கொழுப்பு அல்டிகைட்டை ஒட்சியேற்றும் நொதியம் என்பது பின்னர் தெளிவாயிற்று. இவ்வாறு மாறாமல் தேங்கும் கொழுப்புப் பொருட்கள் தோலின் நீர்காப்புப் படையையும் மூளையின் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் கவசத்தையும் ஒருசேரக் கெடுக்கின்றன. இதனை ஒத்த றெவ்சம் நோயில் தேங்குவது பைற்றானிக் அமிலம். பால் கொழுப்பு, மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, சில மீன்கள் ஆகியவற்றை விலக்கினால் அது குறையும் என்பதால், அங்கே நேரத்தோடு கண்டறிவது கைமேல் பலன் தரும்.

தாய், தகப்பன் இருவரும் பழுதான பரம்பரையலகைக் காவினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மச்சான், மச்சாள் கலியாணம் வழக்கிலுள்ள இடத்தில் இதைச் சொல்லத்தான் வேண்டும், பழிக்காக அல்ல. ஆகவே, தோல் கிளினிக்குக்கு வரும் இத்தகைய பிள்ளையின் நடையையும் கண்ணையும் அன்றே பரிசோதித்து, நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பும் ஒழுங்கை வன்னி மாவட்டச் சுகாதார அதிகாரிகள் ஏற்படுத்த வேண்டும்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கிளிநொச்சி.