வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: டெண்டர் அப்லோட் சம்பந்தமாக

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பீன்யா, ராஜாஜிநகர், பொம்மசந்திரா, ஓசூர் என்று எங்கே பட்டறை வைத்திருந்தாலும், டெண்டர் என்றதும், காகிதங்களை அரசு போர்ட்டலில் ஏற்றித் தரச் சொல்லி, பென் டிரைவோடு நம் ஆபீஸ் படியேறுகிறவர்கள் நீங்கள். உங்களுக்கு நாங்கள் புதிதல்ல. ஆனாலும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "காசை வாங்கிக்கிட்டு டெண்டரைக் கோட்டை விட்டுட்டாங்க." போனில் கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஒரு வாடிக்கையாளரின் பிட்டை (டெண்டருக்கு அனுப்பும் விலைப்புள்ளியை) நாங்கள் நேரத்துக்குள் ஏற்றவில்லை என்பதுதான் அந்தப் பேச்சு. உண்மையில் அந்த பிட் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. மத்திய அரசு போர்ட்டலில் கோப்புகளை ஏற்றினால் மட்டும் பிட் போனதாகாது. கடைசியில் 'ஃப்ரீஸ்' பொத்தானை அழுத்தி, பிட் எண்ணும் சர்வர் நேரமும் அச்சான ஒப்புகைச் சீட்டு வர வேண்டும். அந்தச் சீட்டு அவரிடமும் இருக்கிறது, எங்கள் ஃபைலிலும் இருக்கிறது. பிட் தள்ளுபடி ஆனது தகுதிக் காகிதங்கள் உள்ள டெக்னிக்கல் கவரைத் திறந்த பிறகு. காரணம் இ.எம்.டி. (பிட்டோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகை) கட்டாதது. போர்ட்டலில் டெக்னிக்கல் மதிப்பீட்டுச் சுருக்கத்தைத் திறந்தால் யாரும் பார்க்கலாம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நாளைக்கு வேறு ஒருவருக்கும் இதே கதி வரலாம். பொது நிதி விதிகள் 2017-இன்படி, இ.எம்.டி. என்பது மதிப்பீட்டுத் தொகையில் 2 முதல் 5 சதவீதம். குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் உத்யம் சான்றிதழ் (இத்தகைய நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வைத்திருக்கும் எல்லோருக்கும் இல்லை. 2012-இன் கொள்முதல் கொள்கை, தானே பொருள் செய்கிறவருக்கும் சேவை தருகிறவருக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரிகளை 2021 ஜூலையில் உத்யமில் சேர்த்தது வங்கியின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும். ஆகவே சான்றிதழில் உங்கள் பெயரையும் முத்திரையையும் பார்த்துத் திருப்தி அடையாமல், முக்கியச் செயல்பாடு என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே 'டிரேடிங்' என்று இருந்தால் விலக்கு கிடையாது, டி.டி.யோ (வங்கி வரைவோலை) வங்கி உத்தரவாதமோ கொடுத்தாக வேண்டும். சொல்லப்படுகிற அந்த பிட்டில் சான்றிதழே எங்கள் கைக்கு வந்தது கடைசி அரைமணி நேரத்தில். டி.டி. எடுக்க வங்கிக்கு ஓட நேரமில்லை. "விலக்கு இருக்கு, போடுங்க" என்றார், போட்டோம். பெயர் சொல்லப் போவதில்லை, அவரும் நம் வாடிக்கையாளர்தான்.

அந்தக் கட்டம் சரியாக இருந்தால் கிடைப்பது இ.எம்.டி. விலக்கு மட்டுமல்ல. பெரிய கம்பெனி 10 லட்சத்துக்கு எல்-1 (மிகக் குறைந்த விலை) ஆக வந்து, நீங்கள் 11.5 லட்சத்துக்குள் கேட்டிருந்தால், அவர்கள் விலைக்கு இறங்கி, பிரித்துத் தரக்கூடிய ஆர்டரில் 25 சதவீதம் வரை நீங்கள் பெறலாம். நம்மில் பலர் இதைக் கேட்பதே இல்லை.

விலை கூடிப்போய்த் தோற்பதைவிடக் காகிதத்தில் தோற்பதுதான் அதிகம். ஆடிட்டரின் டர்ன்ஓவர் சான்றிதழில் 18 இலக்க அடையாள எண்ணான யூ.டி.ஐ.என். இல்லாமல் இருக்கும். புதுப்பித்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைப் போர்ட்டலில் பதிந்திருக்க மாட்டார்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் யூனிட் உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: தமிழ்நாட்டுக்கு 1998 டெண்டர் சட்டம், கர்நாடகாவுக்கு 1999 சட்டம், போர்ட்டலும் வேறு வேறு, டோக்கனை ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். விலைப்பட்டியல் (பி.ஓ.க்யூ.) எக்செல் இன்னொரு தலைவலி. இறக்கிய கோப்பின் பெயரை மாற்றவே கூடாது. "பி.ஓ.க்யூ. ஃபைனல் ஃபைனல்" என்று சேமித்து அனுப்பினால் போர்ட்டல் வாங்காது. மேக்ரோவை இயக்கி, நிரப்பச் சொன்ன கட்டங்களை மட்டும் நிரப்புங்கள். ஸ்கேனை 100 டி.பி.ஐ., கறுப்பு வெள்ளையில் எடுத்தால் போதும். கலரில் எடுத்த கனமான பி.டி.எஃப். கடைசி நேரத்தில் பாதியில் நின்றுவிடும்.

அரசுத் தரப்பில் குறையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு பிராண்டை மனதில் வைத்து எழுதிய ஸ்பெசிஃபிகேஷன், ஒரு மேசை சப்ளைக்கு எதற்கென்றே புரியாத அனுபவ நிபந்தனை, எல்லாம் பார்க்கிறோம். டீக்கடையில் பேசித் தீராது. ஜெம் என்ற மத்திய அரசுக் கொள்முதல் போர்ட்டலில் டெண்டர் வெளியான 4 நாளுக்குள் 'ரெப்ரசன்டேஷன்' பகுதியில் எழுதினால், வாங்கும் அதிகாரி பதில் சொல்லாமல் பிட்டைத் திறக்கவே முடியாது. அதில், "இந்த அளவு ஒரே தயாரிப்பாளரிடம்தான் கிடைக்கிறது, இத்தனை மில்லிமீட்டர் முதல் இத்தனை வரை என்று வைக்கலாமே" என்று மாற்று வாசகத்தோடு எழுதுங்கள். வெறும் புகாரைவிட அதற்கு மதிப்பு அதிகம். அவர்களுக்கும் நாலு பேர் போட்டியிட்டால்தான் விலை இறங்கும். இதை எழுதித் தர நாங்கள் தனிக் கட்டணம் வாங்குவதில்லை.

பணம் வராத புகாரும் எங்கள் தலையில் விழுகிறது. சரக்கு இறக்கிய 48 மணி நேரத்தில் தற்காலிக ரசீது, அதிலிருந்து 10 நாளில் சி.ஆர்.ஏ.சி. (சரக்கை ஏற்றுக்கொண்ட சான்றிதழ்), அதன்பின் 10 நாளில் பணம் என்பது ஜெம்மின் கணக்கு. பெரும்பாலும் சி.ஆர்.ஏ.சி.யில்தான் நிற்கும்: டெலிவரி செலானில் அளவு ஒன்று, இன்வாய்ஸில் வேறொன்று. இரண்டையும் ஒத்துப் பார்த்து, வாங்கியவர் கையெழுத்தோடு செலான் நகல் கொண்டு வாருங்கள். 45 நாள் தாண்டினால் குறு, சிறு நிறுவனங்கள் 2006 சட்டப்படி வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்டு, அதற்கான மத்திய அரசு போர்ட்டலில் புகார் போடலாம். அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று பலர் தயங்குவது எங்களுக்கும் தெரியும், வற்புறுத்த மாட்டோம். 2.5 லட்சத்துக்கு மேல் ஒப்பந்தமானால் ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) 2 சதவீதம் பிடிப்பார்கள். அது குறைவாக வந்த பணம் அல்ல, உங்கள் ஜி.எஸ்.டி. கேஷ் லெட்ஜரில் வந்து சேரும்.

இனிமேல் எல்லாக் காகிதமும் டெண்டர் முடிய மூன்று வேலை நாள் முன்பே எங்களிடம் வந்துவிட வேண்டும். மூன்று மணிக்கு மூடுகிற டெண்டருக்கு இரண்டரைக்கு வந்து நின்றால், எவ்வளவு வேண்டியவரானாலும் கை வைக்க மாட்டோம். அப்லோட் பார்த்துக்கொண்டிருந்த தம்பி நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டதால் மாலை ஆறு மணிக்கே கவுன்டர் மூடும். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பிட் கட்டணம் 1,500 அல்ல, 2,000.

வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பாமல் நேரில் வந்து கேட்டவர்களுக்கும், "நம்ம ஆளுங்கப்பா, அப்படிச் செய்ய மாட்டாங்க" என்று அந்தக் குழுவிலேயே பதில் போட்டவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த டெண்டருக்கு வரும்போது உத்யம் சான்றிதழின் புது பிரிண்ட்டும் டோக்கனும் கையோடு கொண்டு வாருங்கள், அந்தக் கட்டத்தை உங்கள் எதிரிலேயே பார்த்துச் சொல்லிவிடுகிறோம்.

இப்படிக்கு,
உரிமையாளர்
பீன்யா, பெங்களூரு